ஜிப்ஸி ஃப்ளைவீலில் எடை ஏற்றினால் கல் ஏறும்போது எஞ்சின் நிற்காதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வண்டி மாருதி ஜிப்ஸி கிங், 1.3 பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை). டயரை 205/70 ஆர்15-இலிருந்து 235/75 ஆர்15-க்கு மாற்றியிருக்கிறீர்கள். ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் தோட்டத்துக்கு இட்டேரி (இருபக்கமும் வேலி உள்ள தோட்டத்துப் பாதை) வழியாகப் போய், ஒரு பள்ளத்தைத் தாண்டி, கரட்டில் கல்லுக்குக் கல் ஏற வேண்டும். நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் வலுவோடு சுற்றும் ஃபோர் வீல் லோவில் ஒன்றாம் கியர் போட்டாலும் முன்சக்கரம் கல்லில் முட்டியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது. லேத் பட்டறையில் கேட்டால், "எட்டுக் கிலோ வளையத்த ஃப்ளைவீல்ல வெல்டு வச்சுக் குடுத்தர்றனுங்க, அப்புறம் நிக்கவே நிக்காதுங்க" என்கிறார்கள். செய்யலாமா என்பது கேள்வி. இழுவை கூடுமா என்ற இன்னொரு கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

இழுவை கூடாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எரிபொருள் எரிந்து வரும் டார்க், அதாவது சுழற்றும் வலு, எவ்வளவோ அவ்வளவுதான். ஃப்ளைவீல் என்பது கிராங்க் ஷாஃப்டின் முனையில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம். அது அந்த ஆற்றலைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும் தொட்டி. போர்வெல்லில் தண்ணீர் ஊறாமல் தொட்டியை மட்டும் பெரிதாகக் கட்டினால் முதல் கால் மணி நேரம் வாய்க்கால் நிறைய ஓடும், அதன்பின் பழைய கதைதான். நம் தோட்டங்களில் ஓடிய ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சின்களுக்கு அத்தனை பெரிய சக்கரம் எதற்கு இருந்தது என்று பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது வெடிக்கும், மீதி நேரத்தை ஓட்டிக் கடத்தச் சக்கரம் வேண்டியிருந்தது. அந்தச் சக்கரத்தால் பம்பு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக இறைத்ததில்லை.

ஆனால் எஞ்சின் நிற்பதைத் தள்ளிப்போடுமா என்று கேட்டால், தள்ளிப்போடும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் ஃப்ளைவீலைக் கழற்றி எடை போட்டால்தான் சரியான எண் கிடைக்கும். இப்போதைக்கு 9 கிலோ, 280 மி.மீ. விட்டம், சீரான தட்டு என்று வைத்துக்கொள்கிறேன். நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் அதன் சுழல் நிலைமம் 0.088 கிலோ மீட்டர் வர்க்கம். இதன் விளிம்பில், சராசரி ஆரம் 125 மி.மீ. வரும்படி 4 கிலோ வளையம் போட்டால் 0.0625 கூடும், அதாவது 70 சதவீதம். அதே 4 கிலோவை மையத்துக்குப் பக்கத்தில் 60 மி.மீ. ஆரத்தில் வைத்தால் 16 சதவீதம்தான். அதனால் "எத்தனை கிலோ" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஆரத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கல்லில் சக்கரம் முட்டும்போது எஞ்சினால் தர முடிந்ததைவிடச் சுமை 20 நியூட்டன் மீட்டர் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். வண்டியின் ஓட்டத்தைச் சேர்க்காமல் எஞ்சினை மட்டும் பார்த்தால், 900 ஆர்பிஎம்-இலிருந்து (நிமிடத்துக்கு 900 சுற்று) 400-க்கு விழ இப்போது சுமார் 0.23 நொடி ஆகும். வளையம் போட்டபின் 0.39 நொடி. வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் ஆக்சிலரேட்டரில் கால் பதிலளிக்க எடுக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. கனமான ஃப்ளைவீல் போட்டவர்கள் "இப்ப நிக்கறதில்லீங்க" என்று சொல்வது பொய் இல்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கியது அந்த அவகாசத்தை.

ஆற்றல் கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்லும். அந்த 4 கிலோ வளையம் 900 ஆர்பிஎம்-இலிருந்து 500-க்கு இறங்கும்போது தருவது சுமார் 190 ஜூல். ஆளும் சாமானும் சேர்த்து 1300 கிலோ இருக்கும் வண்டியை அது 15 மி.மீ. தூக்கும். முன் ஆக்சில் மட்டும் ஏறுகிறது என்றால் ஏறத்தாழ இரட்டிப்பு, 3 செ.மீ. இதே வளையம் 1500-இலிருந்து 500-க்கு இறங்கினால் 685 ஜூல், மூன்றரை மடங்கு. வேகத்தின் வர்க்கம் உள்ளே இருப்பதால் வரும் வித்தியாசம் இது. இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். வளையமே போடாத பழைய ஃப்ளைவீல் 1500-இலிருந்து 500-க்கு இறங்கும்போது தருவது சுமார் 965 ஜூல். வளையம் போட்ட ஃப்ளைவீல் முழுவதுமாக 900-இலிருந்து இறங்கினால் 460 ஜூல். கையில் இருக்கும் சக்கரத்தை 1500-இல் சுற்றவிடுவதே, பணம் செலவழித்துக் கனமாக்கிய சக்கரத்தை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காத வேகத்தில், ஓட்டுவதைப் போல் இரண்டு மடங்கு. கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த ஒரு கணக்கை மனதில் வையுங்கள்.

உங்கள் எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஜிப்ஸியின் எம்பிஎஃப்ஐ எஞ்சினின் உச்ச டார்க் 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்பிஎம்-இல். பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ டீசல் ஜீப்பில் 247 நியூட்டன் மீட்டர் 1800 முதல் 2000-க்குள்ளேயே வந்துவிடும். 16 வால்வு சிறிய பெட்ரோல் எஞ்சினை 800-இல் ஊர்ந்து போகச் சொல்வது அதன் சுபாவத்துக்கு எதிரானது. அதோடு நீங்கள் டயர் விட்டத்தை 668-இலிருந்து 733 மி.மீ.க்கு ஏற்றிவிட்டீர்கள். மொத்த கியர் விகிதத்தில் பத்தில் ஒரு பங்கைக் கைவிட்டதற்கு அது சமம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஐடில் ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள். த்ராட்டில் பாடியில் கார்பன், ஐடில் ஏர் வால்வு அடைப்பு, வெடித்த வேக்குவம் ஹோஸ், தேய்ந்த பிளக், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கல்லில் முட்டியதும் எஞ்சின் படுத்துவிடும். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினுக்கு ஃப்ளைவீல் கனமாக்குவது வீண் செலவு. அடுத்து, கரட்டில் மட்டும் பயன்படுத்த ஒரு ஹேண்ட் த்ராட்டில் கேபிள் போட்டு 1300 முதல் 1500-இல் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் இது கம்பெனியிலிருந்தே வரும். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் கூட்டாதீர்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு குழம்பி, ஐடில் ஏறி இறங்கி ஆடத் தொடங்கலாம். இதிலும் போதவில்லை என்றால் உண்மையான மருந்து, லோ விகிதத்தைத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் மாற்றுவது. ஜிப்ஸியின் உறவுக்கார வண்டியான சுஸுகி சாமுராய்க்கு வெளிநாட்டில் 4.16 லோ விகிதத்தில் கியர் செட் விற்கிறார்கள். அந்த வண்டியின் சொந்த லோ 2.27 தான். சக்கரத்துக்குப் போகும் டார்க் 80 சதவீதத்துக்கு மேல் கூடும், கூடியது குறையவும் செய்யாது. உங்கள் கேஸுக்குப் பொருந்துமா என்பதைப் பல் எண்ணிக்கை, ஸ்ப்லைன், பேரிங் அளவு மூன்றையும் ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

இதெல்லாம் பார்த்தபின்பும் ஃப்ளைவீல் வேண்டும் என்று தோன்றினால், அதில் அர்த்தமில்லாமல் இல்லை. லோ ஒன்றில் மொத்த விகிதம் ஏறத்தாழ 33 என்று எடுத்தால், அந்த 4 கிலோ வளையம் உங்கள் பெரிய டயரில் வண்டிக்கு 500 கிலோ கூடுதல் நிறை இருந்தால் எவ்வளவு உந்தம் இருக்குமோ அதைத் தரும். பழைய டயரில் 600-ஐத் தாண்டும். தார் ரோட்டில் ஐந்தாம் கியரில் இதே வளையம் பத்துக் கிலோவுக்குக்கூடச் சமமில்லை, ஓட்டும்போது தெரியவே தெரியாது. கரட்டில் வேலை செய்து ரோட்டில் மறைந்துகொள்வது இதன் நல்ல குணம். சின்னச் சின்னக் கல், வேர், வரப்பு இவற்றைத் தாண்ட உதவும். நீண்ட ஏற்றத்தில் உதவாது, தொட்டி ஒரே நொடியில் காலியாகிவிடும்.

இப்போது வெல்டிங் பேச்சுக்கு வருவோம். வேண்டாம். பெரும்பாலான ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. அதில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல். வெல்டு வைத்த இடத்தை ஒட்டிய பகுதி வேகமாகக் குளிர்ந்து கண்ணாடிபோல் கெட்டியாகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். கேட் மூடியிலோ மோட்டார் பேஸிலோ இப்படி வெடித்தால் திரும்ப வெல்டு வைத்துக்கொள்ளலாம். இங்கே என்ன நடக்கும் என்று பாருங்கள்: 6000 ஆர்பிஎம்-இல் 125 மி.மீ. ஆரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் சுமார் 5 டன் விசையில் வெளியே இழுக்கும். துண்டு துண்டாக வைத்த எடை என்றால் அத்தனையும் வெல்டின் மேல்தான். ஃப்ளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அலுமினியம், அதற்கு மேலே தகடு, தகட்டுக்கு மேலே உங்கள் கால். எட்டுக் கிலோ என்பதும் அதிகம். இந்த அளவு எஞ்சினுக்கு விளிம்பில் 3 முதல் 4 கிலோவோடு நிறுத்துங்கள்.

முழு வளையமாக இருந்தால் விஷயமே வேறு. வெட்டில்லாத எஃகு வளையம் தன் இழுவையைத் தானே தாங்கும். 6000 ஆர்பிஎம்-இல் அதற்குள் உண்டாகும் இழுவிசை சுமார் 50 மெகாபாஸ்கல், இஎன் 8 எஃகுக்கு அது பெரிய சுமையே இல்லை. சராசரி ஆரம் 125 வர, உள்விட்டம் 224, வெளிவிட்டம் 276, தடிமன் 25 மி.மீ. என்று கடைந்தால் 4 கிலோ வரும். தகட்டில் கேஸ் கட்டிங் செய்து கடைவதானால் வெட்டிய ஓரத்தில் குறைந்தது 5 மி.மீ. கழித்தே கடைசி அளவு வர வேண்டும். இரண்டு அரைவட்டத்தைச் சேர்த்து வெல்டு வைத்த வளையத்தை ஏற்காதீர்கள்.

வளையம் எந்தப் பக்கம் உட்காரும் என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும். கிளட்ச் பக்கத்தில் பிரஷர் பிளேட் கவர் குறுக்கே நிற்கும், அதனால் பெரும்பாலும் எஞ்சின் பக்கம்தான். அங்கே பேக் பிளேட், ஆயில் சம்ப் விளிம்பு, ஸ்டார்ட்டர் பினியன் வந்து ரிங் கியரைக் கடிக்கும் பாதை மூன்றையும் விட்டு விலக வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை நான்கு இடத்தில் ஒட்டி, ஃப்ளைவீலை மாட்டி ஒரு சுற்றுக் கையால் சுற்றிக் கழற்றினால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று களிமண்ணின் தடிமனே சொல்லிவிடும். எல்லா இடத்திலும் 3 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். 25 மி.மீ. தடிமனுக்கு இடம் இல்லாவிட்டால் வளையத்தை மெலிதாக்குங்கள், எடை குறைந்தால் குறையட்டும். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் ஃப்ளைவீல் பல்லைப் பார்த்தே டைமிங் எடுக்கும். அப்படி இருந்தால் அந்த இடைவெளியும் மாறக்கூடாது.

பட்டறையில் ஃப்ளைவீலை நான்கு தாடைச் சக்கில் அதன் வெளிவிளிம்பைப் பார்த்துக் கட்டக்கூடாது. கிராங்கில் உட்காரும் மையத் துளைக்கு, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து, 0.02 மி.மீ.க்குள் கொண்டுவந்த பிறகே கடைய வேண்டும். விளிம்பில் 4 முதல் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி கடைந்து, வளையம் அந்தப் படியின் மேல் வெளியிலிருந்து உட்காரும்படி வையுங்கள். படியின் விட்டம் வளையத்தின் உள்விட்டத்தைவிட 0.10 முதல் 0.12 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு என்றால், 6000 ஆர்பிஎம்-இல் வளையம் சுமார் 0.06 மி.மீ. விரியும். 0.05 மட்டும் விட்டால் வேகத்தில் தளர்ந்து, மையம் மாறி, மெதுவாகும்போது வேறு இடத்தில் உட்காரும். வெளியிலிருந்து இறுக்குவதில் இன்னொரு நன்மை, வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவு இழுப்பைத் தாங்காது. வளையத்தை 200 டிகிரி வரை சீராகச் சுடவைத்தால் அரை மி.மீ. விரிந்து தானாக இறங்கும். ரிங் கியர் மாற்றும் அதே வேலைதான். கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் காட்டிச் சுடாமல் அடுப்பில் வைப்பது நல்லது.

அதன்பின் ஆறு எம் 8 ஆலன் போல்ட், 10.9 தரம், 60 டிகிரி இடைவெளியில். இவை வளையத்தைச் சுமக்கப் போவதில்லை, நழுவாமல் காவல் காக்கும், அவ்வளவுதான். வார்ப்பிரும்பில் மரை குறைந்தது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும். தலை வளையத்துக்குள் புதையட்டும், மரைக்கு லாக்டைட் பசை போடுங்கள், 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். துளைபோடும் அளவுக்கு விளிம்பில் சதை இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, முழு ஃப்ளைவீலையும் இஎன் 8 கட்டையிலிருந்து புதிதாகக் கடையச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் பழைய சக்கரம் கையில் பத்திரமாக இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

பேலன்சிங்கை விட்டுவிடுகிறவர்கள்தான் இந்த வேலையில் அதிகம் அடிபடுகிறார்கள். 4 கிலோ வளையம் மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலகினால் 400 கிராம் மி.மீ. சமனின்மை. 13 கிலோ சக்கரத்துக்கு 6000 ஆர்பிஎம்-இல் ஜி 6.3 என்ற பேலன்சிங் தரம் அனுமதிப்பது சுமார் 130, அதாவது விளிம்பில் 1 கிராம். அளவு டேப்பில் தெரியாத விலகலே வரம்பைப்போல் மூன்று மடங்கு என்றால், கண்ணால் பார்த்து வெல்டு வைத்த வளையம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இந்த விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. பம்பு இம்பெல்லரும் மோட்டார் ரோட்டரும் மில் சாமானும் பேலன்ஸ் செய்யும் மெஷின் கோவையில் அங்கங்கே இருக்கிறது. முதலில் ஃப்ளைவீலைத் தனியாக, அடுத்துப் பிரஷர் பிளேட்டோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் நேராக ஒரு குறி போட்டு, அதே நிலையில்தான் மாட்ட வேண்டும். எடையைக் கழிப்பது எஞ்சின் பக்க விளிம்பில் துளையிட்டு, ஒட்டுவைத்து அல்ல. ஒரு எச்சரிக்கை: சில எஞ்சின்களில் ஃப்ளைவீலே வேண்டுமென்று ஒரு பக்கம் கனமாக வந்திருக்கும். அதனால் எதையும் கடையும் முன் பழைய சக்கரத்தை மெஷினில் ஏற்றி அது சமமாக இருக்கிறதா என்று எழுதி வையுங்கள்.

மாட்டும்போது கிராங்க் போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள், முறுக்கு அளவை வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக் குறுக்கு வரிசையில் ஏற்றுங்கள். கிளட்ச் முகத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பின் ஆயில் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள், இரண்டாம் தடவை இறக்கும் கூலியைவிட அவை மலிவு.

இனி, செய்தபின் வரும் தொல்லைகள். வண்டியின் சக்கரம் காற்றில் சுழன்று திடீரென்று கல்லில் பிடிக்கும்போது, அந்தச் சேர்த்து வைத்த ஆற்றல் முழுவதும் ஆக்சில் ஷாஃப்டிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸிலும் இறங்கும். பெரிய டயரோடு சேர்த்தால் எது முதலில் முறியும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஏதோ ஒன்றின் ஆயுள் குறையும் என்பது நிச்சயம். கிளட்சை 'டப்'பென்று விட்டு ஏறும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கியர் மாற்றும்போது ஆர்பிஎம் மெதுவாக இறங்கும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசியிலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் போகையில் கிளட்சை அவசரப்பட்டு விட்டால் வண்டி குலுங்கும். இறக்கத்தில் என்ஜின் பிரேக் நிலையான வேகத்தில் மாறாது, ஆனால் வழுக்கலில் பிரேக் அடித்துச் சக்கரத்தை நிறுத்தப் பார்த்தால் கனமான ஃப்ளைவீல் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் டயரில் லோ ஒன்றில் 25 கிலோமீட்டர் வேகமே எஞ்சினுக்கு ஏறத்தாழ 6000 ஆர்பிஎம். இறக்கத்தில் லோ ஒன்றில் உருளவிட்டால் கால் ஆக்சிலரேட்டரில் இல்லாவிட்டாலும் எஞ்சின் அந்த வேகத்துக்குப் போகும். மேலே போட்ட கணக்கெல்லாம் 6000 வரைக்கும்தான்.

கிராங்கின் முறுக்கதிர்வில் என்ன மாறும் என்பதைத் தாளில் கணக்குப் போட்டு நான் உறுதி சொல்ல மாட்டேன். கனம் கூடினால் அதிர்வின் இயல்பு வேகம் கொஞ்சம் கீழே இறங்கும் என்பது தெரிந்தது. அது உங்கள் எஞ்சினில் எந்த ஆர்பிஎம்-இல் தொந்தரவாக வெளிப்படும் என்பது ஓட்டிப் பார்த்தே தெரியும். முதல் 500 கிலோமீட்டரில் 2500 முதல் 4500 வரை ஒவ்வொரு கியரிலும் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். முன்பு இல்லாத உறுமலோ நடுக்கமோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் அந்த வளையத்தை அரைக் கிலோ, ஒரு கிலோ குறைத்துக் கடைந்து மீண்டும் பேலன்ஸ் செய்யுங்கள். எல்லா வேகத்திலும் நடுங்கி, ஆர்பிஎம் ஏற ஏறக் கூடினால் அது பேலன்ஸ் கோளாறு, ஓட்டாமல் இறக்கிவிடுங்கள்.

டீசல் ஜீப் வைத்திருக்கும் இன்னொருவரும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அவருக்குச் சொல்கிறேன்: உங்களுக்கு இது தேவையில்லைங்க. பழைய டீசலில் ஆர்பிஎம் விழத் தொடங்கியதும் பம்பில் இருக்கும் கவர்னர் தானாக டீசலைக் கூட்டும், ஃப்ளைவீலும் ஏற்கெனவே கனம். அது நின்றால் பம்பு, ஃபில்டர், இஞ்செக்டர் பக்கம் பாருங்கள். புதிய காமன்ரெயில் வண்டிகள் பலவற்றில் ஸ்ப்ரிங் வைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கும், அதில் எந்தப் பட்டறையிலும் எதையும் கடையவோ ஒட்டவோ விடாதீர்கள்.